பிராட்ஹெட்டுக்குக் கூர் ஏற்றுவது: அரம், கல், தோல்வார்

ரீகர்வ், லாங்போ போன்ற பழைய பாணி வில்லிலிருந்து புறப்படும் அம்பு விநாடிக்கு 50 மீட்டர் சொச்சம்தான் போகும். துப்பாக்கிக் குண்டு மாதிரி அடித்துச் சாய்க்கும் வேலை அதனால் ஆகாது. ரத்தக்குழாய் அறுபட்டால்தான் மான் விழும். அதை அறுப்பது, அம்பின் நுனியில் மாட்டும் பிராட்ஹெட் என்ற அலகு வைத்த அகலமான முனை. மழுங்கிய முனை குழாயை அறுக்காமல் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போய்விடும். அடிபட்ட மான் எங்கோ புதருக்குள் கிடந்து சாகும், உங்கள் கைக்கும் கிடைக்காது.

(இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. பிரிட்டனிலும் வில் வேட்டை கூடாது. இங்கே எழுதியிருப்பது அமெரிக்கா, கனடா போல உரிமம் வாங்கி வில்லோடு காட்டுக்குப் போகக்கூடிய இடங்களில் இருப்பவர்களுக்கு.)

பெட்டியிலிருந்து எடுத்ததும் மாட்டிவிடாதீர்கள். ஸ்விக்கி எஸ்கிமோ (சாப்பாடு கொண்டுவரும் கம்பெனி இல்லை, மின்னசோட்டாவின் பழைய பிராட்ஹெட் கம்பெனி) போன்ற இரட்டை அலகு முனைகளில் சரிவை (விளிம்பை நோக்கி மெலிந்து இறங்கும் முகம்) மட்டும் கடைந்து அனுப்புவார்கள். கூர் ஏற்றுவது நம் வேலை. அதில் ஒரு நன்மையும் உண்டு: அந்த எஃகு அரம் கடிக்கிற அளவுக்கு மென்மையானது, வீட்டு மேசையிலேயே வேலையை முடித்துவிடலாம். அரம் கடிக்காமல் கண்ணாடிமேல் வழுக்குவதுபோல வழுக்கினால் அது கடினமான எஃகு. அதை அரத்தோடு மல்லுக்கட்டாமல் வைரக்கல்லுக்குக் கொண்டுபோங்கள்.

தேவையானவை: 8 அல்லது 10 அங்குல மில் பாஸ்டர்ட் அரம் (ஒற்றை வரிசைப் பல் உள்ளது), அரத்தைச் சுத்தம் செய்யக் கம்பித் தூரிகை, சாக்பீஸ், கறுப்பு மார்க்கர், 600 கிரிட்டும் 1000 கிரிட்டும் உள்ள கல் (எண் கூடக் கூடக் கல் நைசு), மரப்பலகையில் ஒட்டிய தோல்வார், பச்சை நிறக் குரோமியம் ஆக்ஸைடு பசை, தோல் கையுறை.

முனையை வெறும் விரலில் பிடித்துத் தீட்டாதீர்கள். உடைந்த அம்புத்தண்டு ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி அதில் மாட்டிக்கொண்டால் நல்ல கைப்பிடி. பசையை உருக்கி ஒட்டும் வகை என்றால் குழாய்ப் பகுதியை மட்டும் சூடாக்குங்கள், அலகில் தீ படக்கூடாது. மின்சாரச் சாணைச் சக்கரம் வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான். மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். வைக்கோல் நிறம் தாண்டி நீலம் தெரிந்தால் சூடு 300 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டது, அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். நீலம் ஏறிய பகுதியை முழுக்க அராவித் தள்ளினால் ஒழிய அங்கே கூர் நிற்காது.

கோணம்

இரட்டை அலகுக்குப் பக்கத்துக்கு 20 முதல் 25 டிகிரி. அதைவிடக் குறைத்தால் சவரக்கத்தி மாதிரி வெட்டும், ஆனால் விலா எலும்பில் பட்டதும் மடங்கும். 30-ஐத் தாண்டினால் எலும்பைத் தாங்கும், தசையில் மந்தமாக இறங்கும். கோணமானி எதுவும் வேண்டாம். அலகின் நடுக்கோட்டிலிருந்து விளிம்புவரை 15 மி.மீ. என்றால், விளிம்பைக் கல்லில் வைத்து நடுக்கோட்டை 5 மி.மீ. தூக்கினால் 20 டிகிரி. ஆறுக்குக் கொஞ்சம் மேலே தூக்கினால் 25. அந்த உயரத்துக்கு ஒரு மரச்சீவலை வெட்டி வைத்துக்கொண்டு நாலைந்து தடவை ஒப்பிட்டுப் பார்த்தால் கைக்குப் பழகிவிடும். பழகவில்லை என்றால் கேஎம்இ போன்ற, சக்கரம் வைத்த பிடிப்பான் வாங்கிவிடுங்கள். தடுமாறும் கையைவிட அது எவ்வளவோ மேல்.

சரிவு முழுவதும் மார்க்கர் பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை விளிம்போரம் மட்டும் போயிருந்தால் அதிகம் தூக்குகிறீர்கள். மேலே மட்டும் போயிருந்தால் தூக்கியது போதவில்லை. கூர் விளிம்பை அரம் இன்னும் தொடவே இல்லை. மணிக்கணக்கில் அராவியும் கூர் வரவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த இரண்டாவது சிக்கல்தான்.

அராவும் முறை

அரம் ஒரு திசையில்தான் வெட்டும். மேசையில் அரத்தை அசையாமல் வைத்து முனையை நகர்த்துவதாக இருந்தால், அரத்தின் வால் (கைப்பிடி மாட்டும் முனை) எதிர்ப்பக்கம் இருக்கட்டும். அப்போது முனையை உங்களிடமிருந்து தள்ளும்போது பல் கடிக்கும், கூர் விளிம்பும் உங்கள் உடம்பைப் பார்க்காது. திரும்பி வரும்போது முனையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், பின்னோக்கித் தேய்த்தால் பல்தான் மழுங்கும். முன்கூட்டியே சாக்பீஸைப் பல்லில் தேய்த்து வைத்தால் இரும்புத் துகள் அடைக்காது. அடைத்த துகளோடு அராவினால் விளிம்பில் ஆழமாக ஒரு கீறல் விழும், அதை எடுக்க மறுபடி பத்து இழுப்பு ஆகும்.

அலகின் பின்பகுதியில் தொடங்கி நுனியில் முடியுங்கள். ஒரு பக்கம் பத்து இழுப்பு, பிறகு மறுபக்கத்தைக் கட்டைவிரலின் சதையால் நடுவிலிருந்து வெளியே பார்த்துத் தடவுங்கள். விளிம்பு நெடுக மெல்லிய பிசிறு நகத்தில் மாட்டுவது போலத் தட்டுப்பட வேண்டும். பின்பகுதியில் இருக்கிறது, நுனியில் இல்லை என்றால் நுனிக்கு இன்னும் அரம் போகவில்லை. முழு நீளத்துக்கும் பிசிறு வந்த பிறகே அடுத்த பக்கம். இதில் அவசரப்பட்டால் பின்னால் எத்தனை கல்லில் தேய்த்தாலும் சரியாகாது.

நுனியில் இன்னொரு தொல்லை. இழுப்பு முடிகிற இடத்தில் கை தானாகக் கீழே சாயும், நுனி உருண்டுவிடும். முனை அரத்தை விட்டு வெளியே வழுகும் முன்பே நிறுத்திப் பழகுங்கள். கடைசி 1 மி.மீ. நுனியை ஊசியாக விடவும் கூடாது, எலும்பில் பட்டால் கொக்கிபோல வளைந்துவிடும். அதை உளிபோலச் சற்று மொண்ணையாக அராவி விடுவார்கள்.

இரண்டு பக்கமும் பிசிறு கண்ட பிறகு பக்கத்துக்கு ஐந்து, பிறகு மூன்று, பிறகு ஒன்று என மாற்றி மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசி இழுப்புகளில் முனையின் எடையே போதும்.

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுவது. பிசிறு கூர் மாதிரியே நடிக்கும். காகிதத்தை வெட்டும், கை மயிரைக்கூட ஒன்றிரண்டு எடுக்கும். தோலைத் தொட்டதும் மடிந்து படுத்துக்கொள்ளும், அதன்பின் உள்ளே போவது மொண்ணை விளிம்பு. எனவே 600, 1000 கிரிட் கல்லில் அதே கோணத்தில், விளிம்பு முன்னே போக, பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் தேயுங்கள். முடிவில் பச்சைப் பசை தடவிய தோல்வார். முடிதிருத்துபவர் சவரக்கத்தியை வாரில் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேபோல விளிம்பு பின்னால் வர இழுக்க வேண்டும். பக்கத்துக்கு 15 இழுப்பு தாராளம். அழுத்தினால் தோல் விளிம்பைச் சுற்றி எழும்பி, ஏற்றிய கூரை உருட்டிவிடும்.

அரத்தோடு நிறுத்திச் சிறுபல் விளிம்பாகவே விடுவது நல்லது என்று ஒரு கட்சி உண்டு. கருக்கரிவாளா சவரக்கத்தியா என்ற வழக்குதான். கதிரை அறுக்கக் கருக்கு நல்லது, கதிரைக் கையில் பிடித்து இழுக்கிறோம். ரத்தக்குழாயை யாரும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. கிழிந்த குழாய் சுருங்கி அடைத்துக்கொள்ளும், வழவழப்பாக அறுந்தது அவ்வளவு எளிதில் அடைக்காது. எங்கள் ஓட்டு தோல்வாருக்கே.

மூன்று அலகு, ஒற்றைச் சரிவு

மூன்று அலகு முனை சுலபம். இரண்டு விளிம்புகளைக் கல்லில் படுக்க வைத்தால் பக்கத்துக்கு 30 டிகிரி தானாக அமைந்துவிடும். மூன்று முகத்துக்கும் பத்துப் பத்தாகத் தேய்த்து, கடைசியில் ஒவ்வொன்றாகத் திருப்பி லேசாக முடியுங்கள். கல் மட்டம் என்பது மட்டும் கட்டாயம். நடுவில் குழிந்த பழைய கல்லில் அலகின் இரு ஓரமும் தேயும், நடு அப்படியே நிற்கும். கண்ணாடிமேல் ஒட்டிய நீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) அதைவிட நல்லது.

ஒற்றைச் சரிவு முனைக்குச் சரிவுள்ள பக்கத்தை மட்டும் 25 முதல் 30 டிகிரியில் தீட்டுங்கள். மறுபக்கத்தைத் தட்டையாகவே கல்லில் வைத்துப் பிசிறை மட்டும் எடுங்கள். அங்கே ஒரு டிகிரி தூக்கினாலும் அது ஒற்றைச் சரிவு இல்லை. சரிவு இடமா வலமா என்பது அம்பின் இறகு சுழலும் திசையோடு ஒத்திருக்க வேண்டும். மாறி இருந்தால் காற்றில் ஒரு பக்கமும் உடலுக்குள் மறுபக்கமும் சுழலப் பார்க்கும்.

சோதனை

விளக்குக்கு நேரே விளிம்பைப் பிடியுங்கள். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அங்கே மழுக்கம். பிறகு ஒரு ரப்பர் பேண்டை இரண்டு விரலில் தளர்வாக மாட்டி விளிம்பால் தொடுங்கள், தொட்டதும் அற வேண்டும். விறைப்பாக இழுத்துப் பிடித்தால் மொண்ணைக் கத்தியும் அறுத்துக் காட்டும், அது சோதனை ஆகாது.

பலமுறை அராவினால் முனை இளைக்கும். பல அமெரிக்க மாநிலங்கள் 7/8 அங்குலத்துக்கு (சுமார் 22 மி.மீ.) குறைந்த வெட்டு அகலத்தை அனுமதிப்பதில்லை. காலிப்பரில் அளந்து, குறைந்ததைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். எடை குறைந்தாலும் அம்பின் போக்கு மாறும் என்பதால் எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றிய கூர் பெரும்பாலும் அம்பறாத்தூணியிலேயே போய்விடுகிறது. முனையைத் தூணியில் உள்ள நுரைக்குள் செருகும் ஒவ்வொரு தடவையும் விளிம்பு தேயும். ஒரே வெட்டில், திருகாமல், நேராகச் செருகுங்கள். கார்பன் எஃகு ஒரு பனி இரவிலேயே துருப்பிடிக்கும், விளிம்பில் வாஸலின் மெல்லிசாகப் பூசி வையுங்கள். வில்லோடு நடந்த நாளில் மாலையில் ரப்பர் பேண்ட் சோதனையை மறுபடி செய்து, தேறாத முனையைத் தோல்வாருக்கு அனுப்புங்கள். அதிலும் தேறாவிட்டால் 1000 கிரிட் கல்லில் நாலு இழுப்பு போதும், அரம்வரை போக வேண்டியதில்லை.