பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் நூல் எடுப்பது எப்படி? ஸ்கோனல் ஆக்சஸ் படிப்படியாக

உங்களுக்கு வேண்டிய நூல் உங்கள் பல்கலைக்கழகத்தில் இல்லை. ஆனால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் இன்னொரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பிரிட்டனில், அதிலும் லண்டனில், இது அன்றாடம் நடப்பது. ப்ளூம்ஸ்பரி பகுதியில் யூசிஎல், சோவாஸ், பிர்க்பெக், செனட் ஹவுஸ் நூலகங்கள் எல்லாம் நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. சோவாஸ் ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான கல்லூரி; தமிழ் இலக்கியத்திலோ தென்னிந்திய வரலாற்றிலோ ஆய்வு செய்பவருக்கு அங்கே போகாமல் வேலை ஆகாது. ஒவ்வொரு நூலகத்திலும் தனித்தனியாகக் கட்டணம் கட்டி வெளியாள் உறுப்பினராகச் சேர வேண்டியதில்லை. அதற்காகவே ஸ்கோனல் ஆக்சஸ் என்ற திட்டம் இருக்கிறது. பிரிட்டன், அயர்லாந்தில் உள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. பயனாளிக்கு உறுப்பினர் கட்டணம் கிடையாது.

கட்டணம் இல்லை என்றதும் விதியும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். குழப்பமெல்லாம் விதிகளில்தான்.

முதலில், யாருக்கு என்ன கிடைக்கும்

ஸ்கோனல் என்பது பல்கலைக்கழக, தேசிய நூலகங்களின் கூட்டமைப்பு; 1950 முதல் இருக்கிறது. இப்போதைய திட்டம் 2007இல் வந்தது. அதற்கு முன் இரண்டு தனித் திட்டங்கள் இருந்தன. ஒன்று பகுதிநேர, தொலைதூரக் கல்வி மாணவர்களுக்கானது. படிக்கும் ஊர் ஒன்று, குடியிருக்கும் ஊர் ஒன்று என்று இருப்பவர்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தைப் பயன்படுத்தட்டும் என்பது அதன் நோக்கம். மற்றொன்று ஆய்வாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும். இரண்டையும் இணைத்து ஒன்றாக்கினார்கள்.

இந்தப் பழைய கதை தெரிந்தால்தான் இன்றைய விதி புரியும். முழுநேர இளநிலை மாணவர் வேறு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். நூலை வெளியே எடுத்துப் போக முடியாது. அதே பாடத்தைப் பகுதிநேரமாகப் படிப்பவர் எடுத்துப் போகலாம். பார்வைக்கு இது அநியாயம். ஆனால் முழுநேர மாணவருக்கு வளாகத்திலேயே நூலகம் இருக்கிறது, தொலைவில் இருப்பவருக்கு இல்லை என்பதே இதன் அடிப்படைக் கணக்கு. பொதுவாக நிலவரம் இப்படி:

ஆசிரியர்கள், பிஎச்டி போன்ற ஆய்வு மாணவர்கள்: நூல் எடுக்கலாம்.

முதுநிலை மாணவர்கள்: பல நூலகங்களில் எடுக்கலாம். எல்லா இடத்திலும் அல்ல.

பகுதிநேர, தொலைதூர மாணவர்கள், பணியிடப் பயிற்சியில் இருப்பவர்கள்: இளநிலையோ முதுநிலையோ, பல நூலகங்களில் எடுக்கலாம். ஓப்பன் யுனிவர்சிட்டி மாணவர்களுக்கு இது பெரிய வரம்.

முழுநேர இளநிலை மாணவர்கள்: உள்ளே போய்ப் படிக்க மட்டும். படிவத்தில் 'ஆர்' என்று குறிக்கப்படுவது இந்த வகை.

எந்த நூலகம் எந்த வகையினரைச் சேர்த்துக்கொள்வது என்பதை அந்தந்த நூலகமே முடிவு செய்கிறது. நண்பர் ஒருவருக்கு ஓரிடத்தில் நூல் கிடைத்தது என்பதற்காக உங்களுக்கும் கிடைக்கும் என்று கிளம்பிவிடாதீர்கள். அவர் வேறு வகையில் இருக்கலாம்.

படி 1: நூல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

முதலில் உங்கள் நூலகக் கேட்டலாகையே இன்னொரு முறை தேடுங்கள். அச்சு நூல் இல்லாவிட்டாலும் மின்னூல் இருக்கலாம். இருந்தால் பயணமே தேவையில்லை.

அங்கே இல்லையென்றால் லைப்ரரி ஹப் டிஸ்கவர் என்ற தளத்துக்குப் போங்கள். பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு இணையச் சேவைகள் தரும் ஜிஸ்க் அமைப்பு நடத்துவது; 2019இல் கோபக் என்ற பழைய தேடல் தளத்தின் இடத்தில் வந்தது. பிரிட்டனின் பல நூலகங்களை ஒரே இடத்தில் தேடலாம். தமிழ் நூல் தேடும்போது தமிழ் எழுத்தில் மட்டும் தேடினால் பல சமயம் ஒன்றுமே வராது. பழைய பதிவுகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் இருக்கின்றன, அதுவும் நூலகர்களின் ஒலிபெயர்ப்பு முறைப்படி. நெடிலுக்கு மேலே கோடு, ழகரத்துக்குக் கீழே கோடு என்று போகும். கோடுகளை விட்டுவிட்டு அடித்தாலும் பொதுவாக வந்துவிடும். ஆனால் நாம் வாட்ஸ்அப்பில் அடிக்கிற மாதிரி 'zh' போட்டால் வராமல் போகலாம். 'L' போட்டுப் பாருங்கள். ஆசிரியர் பெயரையும் ஒரு முறை தேடுங்கள்.

நூல் கிடைத்ததும் அந்த நூலகத்தின் சொந்தக் கேட்டலாகைத் திறந்து மூன்று விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: நூலின் அடுக்கு எண், எந்தக் கட்டடம், வெளியே தரும் நூலா இல்லையா. 'ரெஃபரன்ஸ்' என்றோ குறுகிய காலக் கடன் என்றோ இருந்தால் வெளியாருக்குத் தரமாட்டார்கள். 'ஸ்டோர்' என்று இருந்தால் கிடங்கிலிருந்து வரவழைக்க வேண்டும். அதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். இதைப் பார்க்காமல் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

படி 2: போகப்போகிற நூலகத்தின் பக்கத்தைப் படியுங்கள்

விண்ணப்பிக்கும் முன் அந்த நூலக இணையதளத்தில் வெளியாட்களுக்கான பக்கத்தைப் படியுங்கள். பார்க்க வேண்டியவை: உங்கள் வகைக்கு எத்தனை நூல் தருவார்கள் (பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான்), எத்தனை நாள், புதிய உறுப்பினர் பதிவு எந்த நேரத்தில், தடைக் காலம் உண்டா. ஏப்ரல், மே தேர்வுக் காலத்தில் பல நூலகங்கள் வெளியாட்களைக் கட்டுப்படுத்தும். சில செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரங்களிலும் புதுப் பதிவை நிறுத்திவைக்கும். தங்கள் மாணவர்களைச் சேர்க்கவே நேரம் போதாது. நூலகம் இரவு முழுவதும் திறந்திருந்தாலும் பதிவு செய்யும் மேசை அலுவலக நேரத்தில் மட்டுமே இருக்கலாம். சனிக்கிழமை போகத் திட்டமிட்டால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

எல்லா நூலகமும் இதில் இல்லை. பிரிட்டிஷ் லைப்ரரி யாருக்குமே நூலை வீட்டுக்குத் தருவதில்லை. அங்கே இலவச வாசகர் அட்டை வாங்கி வாசிப்பறையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்திலும் வெளியாருக்கு வாசிப்பறைதான்.

படி 3: படிவம்

ஸ்கோனல் இணையதளத்தில் ஆக்சஸ் பகுதிக்குப் போனால் மூன்று கேள்வி வரும்: நீங்கள் எந்த வகைப் பயனாளி, உங்கள் பல்கலைக்கழகம் எது, எங்கே போக விரும்புகிறீர்கள். பதிலுக்கு ஏற்ப எந்த நூலகங்கள் உங்களை ஏற்கும் என்று காட்டும். பிறகு பெயர், மாணவர் எண், மின்னஞ்சல் முகவரி கேட்கும்.

இங்கே இரண்டு தவறு நடக்கும். ஒன்று, வகையைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது. எம்எஸ்சி படிப்பவர் ஆய்வறிக்கை எழுதுவதால் 'ஆய்வு மாணவர்' என்று குறித்துவிடுவார். அது பிஎச்டி, எம்ஃபில் போன்ற ஆய்வுப் பட்டங்களுக்கான வகை. வகுப்பும் தேர்வும் ஆய்வறிக்கையும் சேர்ந்த எம்எஸ்சி, எம்ஏ எல்லாம் பாடவழி முதுநிலை. இரண்டு, சொந்த ஜிமெயில் முகவரியைக் கொடுப்பது. பல்கலைக்கழக முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் நூலகப் பணியாளர் உங்கள் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதை வைத்துத்தான்.

படிவம் முதலில் போவது உங்கள் சொந்த நூலகத்துக்கு. நீங்கள் உண்மையில் அங்கே படிக்கிறீர்களா, வகை சரியா, பாக்கி ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். கட்டாத அபராதமோ தவணை கடந்த நூலோ இருந்தால் ஒப்புதல் வராது. விண்ணப்பிக்கும் முன் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். ஒப்புதலை ஒரு மனிதர் கையால் தருகிறார் என்பதை நினைவில் வையுங்கள். வெள்ளி மாலை அனுப்பிவிட்டு சனிக்கிழமை மடலை எதிர்பார்ப்பது வீண். சில வேலை நாட்களாவது கொடுங்கள். வரவில்லையென்றால் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் உங்கள் நூலகத்தைத்தான் கேட்க வேண்டும், போகப்போகிற நூலகத்தை அல்ல.

படி 4: நேரில் போவது

இரண்டு பொருள் வேண்டும்: ஒப்புதல் மடல், காலாவதியாகாத உங்கள் பல்கலைக்கழக அடையாள அட்டை. மடலைக் கைபேசியில் காட்டினாலே பல இடங்களில் போதும். வாசலில் சிக்னல் கிடைக்காமல் திண்டாடாமல் இருக்க ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். அட்டையில் படம் இல்லாத தொலைதூர மாணவர்கள் பாஸ்போர்ட் போன்ற படம் உள்ள வேறொரு அடையாளத்தையும் முகவரிச் சான்றையும் எடுத்துப் போவது நல்லது.

புறப்படும் முன் எஜுரோம் வைஃபையை உங்கள் சொந்த வளாகத்திலேயே கைபேசியிலும் மடிக்கணினியிலும் அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை சரியாக அமைத்துவிட்டால் மற்ற பல்கலைக்கழகங்களிலும் தானாக இணையும். போன இடத்தில் புதிதாக அமைப்பது தலைவலி.

அங்கே ஒரு அட்டை தருவார்கள். அதன் காலாவதித் தேதியை உடனே பாருங்கள். பெரும்பாலும் உங்கள் படிப்பு முடியும் தேதியையோ கல்வியாண்டையோ தாண்டாது. இன்னொரு நூலகத்துக்கும் போக வேண்டுமானால் அங்கேயும் தனியாகப் பதிவு செய்து வேறு அட்டை வாங்க வேண்டும்.

இந்த அட்டையில் அடங்காதவை

மின் இதழ்களும் மின்னூல்களும் இதில் வராது. நூலகத்துக்கு மனமில்லாமல் அல்ல. பதிப்பகங்களோடு போட்ட உரிம ஒப்பந்தத்தில் யார் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறது; வெளிப் பல்கலைக்கழக மாணவர் அதில் இல்லை. சில ஒப்பந்தங்கள் நேரில் வந்தவர் நூலகக் கணினியில் பார்ப்பதை மட்டும் அனுமதிக்கின்றன. அப்படி ஒரு கணினி உண்டா என்று மேசையில் கேளுங்கள். வீட்டிலிருந்து எதுவும் திறக்காது.

இடைநூலகக் கடனையும், அதாவது வேறொரு நூலகத்திலிருந்து நூலையோ அதன் பிரதியையோ வரவழைப்பதையும், இந்த அட்டையில் கேட்க முடியாது. அதை உங்கள் சொந்த நூலகம் வழியாகத்தான் கேட்க வேண்டும். அங்கே ஒரு கோரிக்கைக்கு இவ்வளவு என்று கட்டணம் இருக்கலாம். ஆய்வு மாணவர்களுக்குத் துறையே கட்டும் இடங்களும் உண்டு. ஒரே ஒரு அத்தியாயம் போதுமென்றால், ரயில் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடைநூலகக் கடனில் ஸ்கேன் வரவழைப்பதே மலிவாக முடியும்.

படி 5: தவணை, திரும்ப அழைப்பு, அபராதம்

எந்த நூலகத்தின் நூலோ அந்த நூலகத்தின் விதி. உங்கள் சொந்த நூலகத்தில் அபராதத்தையே நீக்கிவிட்டார்கள் என்பது அங்கே செல்லாது. பல பிரிட்டன் நூலகங்கள் சாதாரணத் தாமதத்துக்கு அபராதத்தை நிறுத்திவிட்டன. ஆனால் வேறொருவர் கேட்டதால் திரும்ப அழைக்கப்பட்ட நூலைத் தராமல் வைத்திருந்தால் வசூலிக்கும் இடங்கள் இருக்கின்றன.

தானியங்கிப் புதுப்பிப்பை நம்பி ஏமாறுவது இங்கேதான். யாரும் கேட்காத வரை நூல் தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகும். யாராவது கேட்ட நொடியில் அது நிற்கும். உங்களுக்கு ஒரு மடல் வரும், திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி முன்கூட்டியே வந்துவிடும். அந்த மடலைப் படிக்காத ஒருவரிடம் 6 நூல் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 50 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 10 நாளில் 30 பவுண்ட். அபராதம் நூல்வாரியாக ஓடும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வெளியாட்களுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பே இல்லாத நூலகங்களும் உண்டு. பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அட்டை காலாவதியாகும் தேதிக்கு மேல் எந்தப் புதுப்பிப்பும் போகாது என்பதையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

தொலைத்துவிட்டால் நூலின் விலையோடு நிர்வாகக் கட்டணமும் சேரும். அச்சில் இல்லாத பழைய தமிழ் நூலைத் தொலைத்தால் விலை எவ்வளவு போடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. சில இடங்களில் அதே பதிப்பின் நல்ல பிரதி ஒன்றை வாங்கிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் வாங்கும் முன் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். வேறு பதிப்பு என்று திருப்பிவிடுவார்கள்.

படி 6: திருப்பிக் கொடுப்பது

எடுத்த இடத்திலேயே கொடுக்க வேண்டும். உங்கள் சொந்த நூலகத்தின் பெட்டியில் போட்டுவிட்டால் அவர்கள் அனுப்பிவைப்பார்கள் என்பது வழக்கமான தப்புக்கணக்கு. அது போய்ச் சேரும்வரை நூல் உங்கள் பெயரில்தான் இருக்கும். தபாலில் அனுப்பலாமா என்று மடலில் கேளுங்கள். சரி என்றால் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வழியில் தொலைந்தால் பொறுப்பு உங்களுடையது. தானியங்கி இயந்திரத்தில் கொடுத்தால் ரசீதை அச்சிடுங்கள், இல்லையென்றால் திரையைப் படமெடுங்கள். பெட்டியில் போட்ட நூலென்றால் ஓரிரு நாள் கழித்து உங்கள் கணக்கிலிருந்து நீங்கிவிட்டதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம். 1988இல் டெல்லியில் தொடங்கிய டெல்நெட் மூலம் நம் கல்லூரிகள் நூலைப் பகிர்ந்துகொள்வது வேறு ஏற்பாடு. அங்கே உறுப்பினர் கல்லூரியே. கட்டணமும் கல்லூரியே கட்டுகிறது. மாணவர் தன் கல்லூரி நூலகரிடம் கேட்க வேண்டும், நூல் ஒரு நூலகத்திலிருந்து இன்னொன்றுக்கு வரும். ஸ்கோனலில் நகர்வது நூல் அல்ல, நீங்கள்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பும் முன், போன ஒவ்வொரு நூலகத்திலும் கணக்கைத் திறந்து பூஜ்யம் காட்டுகிறதா என்று சரிபாருங்கள். பாக்கி இருந்தால் விவரம் உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போகும். விமானம் ஏறிய பிறகு சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ 4 பவுண்ட் அபராதத்தைக் கட்ட முயல்வது, வங்கிக் கட்டணத்தோடு சேர்த்துப் பார்த்தால், நூலின் விலையைவிடக் கூடுதலாகிவிடும்.