ஸ்கேனருக்கு ஒரு பேட்டரி ஜி.பி.எஸ். பெட்டி

ராமநாதபுரத்திலிருந்து வண்டியில் கிளம்பி ராமேஸ்வரம் நெருங்கியதும் ஸ்கேனரில் (பல அலைவரிசைகளை மாறி மாறிக் கேட்கும் ரேடியோ) கப்பல், படகுகளின் கடல் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், தானாகத் திறக்க வேண்டும். திரும்பி வரும்போது தானாக மூட வேண்டும். என் ஆசை இவ்வளவுதான். அதற்கு, வண்டி இருக்கும் இடத்தை ஸ்கேனருக்குச் சொல்ல ஒரு ஜி.பி.எஸ். பெட்டி வேண்டும். சீரியல் போர்ட்டும் ஜி.பி.எஸ். மெனுவும் உள்ள ஸ்கேனர் இருக்கிறது, சால்டரிங் தெரியும், உரிமமும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் பவர். பவர் பேங்க் வேண்டாம். நியோ-6எம் என்ற ஜி.பி.எஸ். பலகை இழுப்பது சுமார் 50 மில்லிஆம்பியர். 'போன் சார்ஜ் முடிந்தது போல' என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். உச்சிப்புளி தாண்டும் முன்பே என்னுடையது படுத்துவிட்டது. 5 வோல்ட்டுக்கு ஏற்றும் பூஸ்ட் கன்வெர்ட்டரும் வேண்டாம். அதன் இரைச்சல் ஸ்கேனரிலேயே கேட்கும். ஒரே ஒரு 18650 லித்தியம் செல், பாதுகாப்புச் சுற்றுள்ள டிபி4056 சார்ஜிங் பலகை, இது போதும். 2500 எம்.ஏ.எச். செல் என்றால் கணக்குக்கு 50 மணி நேரம்.

அடுத்து ஒயரிங். டிபி4056-ன் அவுட்புட் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஜி.பி.எஸ். பலகைக்கும் மேக்ஸ்3232 பலகைக்கும் கொடுங்கள். ஜி.பி.எஸ்.-ன் டிஎக்ஸ் (தகவல் அனுப்பும்) முனையை நேராக ஸ்கேனருக்குக் கொடுத்தால் வேலை நடக்காது. ஸ்கேனர் எதிர்பார்ப்பது ஆர்எஸ்-232 என்ற வேறு மின்னழுத்தத்தில் வரும் சிக்னல். நடுவில் அதற்கு மாற்றித் தரும் மேக்ஸ்3232 கட்டாயம். தகவல் வரவில்லையென்றால் டிபி9-ல் (ஒன்பது முனை சீரியல் இணைப்பான்) 2, 3 முனைகளை மாற்றிப் பாருங்கள். நியோ-6எம் வரும்போதே 9600 பாட் வேகத்தில் இருக்கும். ஸ்கேனர் மெனுவிலும் அதையே வையுங்கள்.

இனி என்னை மூன்று நாள் அலைக்கழித்த இடம். ராமேஸ்வரத்தில் நின்று, பெட்டியிலிருந்து லேப்டாப்பில் வந்த வரியைப் பார்த்தேன்: 0917.28 வடக்கு, 07918.78 கிழக்கு. ஸ்கேனரில் அந்த இடத்துக்கு 9.1728, 79.1878 என்று அடித்தேன். பெட்டி சரியாக இடம் காட்டுகிறது, சேனல் மட்டும் திறக்கவில்லை. சால்டரிங்கைக் கழற்றி மறுபடி போட்டேன், ஆன்டெனாவைத் திட்டினேன். கடைசியில்தான் உறைத்தது: அந்த வரியில் முதலில் வருவது டிகிரி, பின்னால் வருவது நிமிடம். 9 டிகிரி 17.28 நிமிடம். 17.28-ஐ 60-ஆல் வகுத்தால் 0.288. ஆக 9.288, அதேபோல 79.313. நான் அடித்த இடமோ சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி, மன்னார் வளைகுடாத் தண்ணீருக்குள்! சேனல் திறக்கும் வட்டத்தின் ஆரத்தை 5 மைல் என்று வைத்திருந்தால் எப்படித் திறக்கும்?

சதுரமான பீங்கான் ஆன்டெனா வானம் பார்க்கட்டும். முதல் தடவை வீட்டுக்குள் வைத்து முயலாதீர்கள், மொட்டை மாடிக்குப் போங்கள். பலகையில் விளக்கு சிமிட்டினால் இடம் பிடித்துவிட்டது.

பிற்சேர்க்கை: தங்கச்சிமடத்து நண்பர் ஒருவர் இதைப் பார்த்துச் செய்தார். சில மாதத்தில் சால்டர் முனைகளில் பச்சை பூத்துவிட்டதாம். உப்புக்காற்றுதான், வேறென்ன. நிறமில்லாத நகப்பாலிஷை முனைகள் மேல் இரண்டு பூச்சு பூசுங்கள், ஆன்டெனா மேல் மட்டும் படாமல். சித்திரை வெயிலில் பெட்டியை டேஷ்போர்டில் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம், உள்ளே இருப்பது லித்தியம் செல்.