மாணவர் பேரவை: தேர்தலுக்கு முன்பே தொடங்கிவிடும் தவறுகள்

மாணவர் பேரவை அமைக்க முடிவெடுக்கும் பல பள்ளிகள் முதல் வேலையாகத் தேர்தல் தேதியைக் குறிக்கின்றன. வேட்பு மனு, பிரசாரம், வாக்குப்பதிவு, பதவியேற்பு என்று பள்ளியே சில நாட்கள் களைகட்டுகிறது. பதவியேற்பு முடிந்த மறுநாள், இனி பேரவைக்கு என்ன வேலை என்று கேட்டால் யாரிடமும் பதில் இருப்பதில்லை. ஆண்டு முழுவதும் பின்தொடரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே கிளம்புகின்றன.

தேர்தலுக்கு முன்பே ஒரு பக்க அளவில் எழுதி, தலைமை ஆசிரியர் கையெழுத்திட வேண்டிய ஆவணம் ஒன்று உண்டு. பேரவை தானே முடிவெடுக்கக்கூடியவை எவை, நிர்வாகம் முடிவெடுக்கும் முன் பேரவையின் கருத்தைக் கட்டாயம் கேட்க வேண்டியவை எவை, பேரவையின் எல்லைக்கு வெளியே உள்ளவை எவை என்பதை அது சொல்ல வேண்டும். மன்றங்கள் கூடும் நேரம், விளையாட்டு விழாவின் நிகழ்ச்சிகள், பேரவைக்கென ஒதுக்கிய தொகையைச் செலவிடும் விதம் ஆகியவை முதல் வகையில் வரலாம். சீருடை விதி, கைப்பேசி விதி, நூலக நேரம் இரண்டாம் வகை. மதிப்பெண், ஆசிரியர் நியமனம், தனி மாணவர் மீதான ஒழுங்கு நடவடிக்கை மூன்றாம் வகை. முதல் வகையில் எழுத எதுவுமே இல்லையென்றால் தேர்தலைத் தள்ளிவைப்பதுதான் மாணவர்களுக்குச் செய்யும் நேர்மை.

ஆய்வாளர் ராஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். பெரியவர்கள் தம் நோக்கத்துக்குச் சிறுவரைப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரமாக நிறுத்துவது, பெயரளவுக்குச் சேர்த்துக்கொள்வது ஆகியவை கீழே உள்ள மூன்று படிகள். இந்த மூன்றையும் அவர் பங்கேற்பாகவே கொள்ளவில்லை. விருந்தினர் வரும் நாளில் மட்டும் பேட்ஜ் அணிந்து வாசலில் வரிசையாக நிற்கும் பேரவை எந்தப் படியில் இருக்கிறது என்பதைப் பள்ளிகள் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த தவறு இன்னும் ஆழமான காயத்தை உண்டாக்குவது. பேரவை உறுப்பினர்களை ஒழுங்குக் காவலர்களாக மாற்றுவதைச் சொல்கிறேன். தாமதமாக வருபவர் பெயரை எழுது, வகுப்பில் பேசுபவர் யார் என்று சொல், வரிசையைச் சரிசெய் என்ற பணிகள் மெல்ல மெல்ல அவர்கள் தலையில் ஏறுகின்றன. காலையில் தன் பெயரைக் குறித்துக்கொண்டு போனவனிடம் மதியம் எந்த மாணவர் வந்து மனக்குறையைச் சொல்வார்? வகுப்புத் தலைவர் வேலை வேறு, பிரதிநிதியின் வேலை வேறு. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தேர்தல் முறையிலும் கவனம் வேண்டும். நல்ல மதிப்பெண் எடுப்பவர்தான் போட்டியிடலாம் என்ற நிபந்தனை, பள்ளியில் அதிகம் சிரமப்படுகிறவர்களின் குரலை வாசலிலேயே தடுத்துவிடுகிறது. கையை உயர்த்தி வாக்களிக்கச் சொன்னால் நண்பர்களின் முகத்துக்காக வாக்கு விழும். ஆகவே வாக்குச்சீட்டும் ரகசிய வாக்கெடுப்பும் தேவை. வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் எண்ண வேண்டும். சுவரொட்டிக்கும் அன்பளிப்புக்கும் பணம் செலவழிப்பதைத் தடைசெய்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே அளவு பேச்சு நேரம் கொடுத்தால் போதும். மிகக் கீழ் வகுப்பிலிருந்து ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து மேல் வகுப்பு மாணவர்கள் நடுவில் உட்காரவைத்தால் அந்தக் குழந்தை ஆண்டு முழுவதும் வாய் திறக்காது. அந்த வகுப்புகளுக்கு இரண்டு இடங்கள் கொடுங்கள்.

கூட்டத்தைப் பள்ளி முடிந்த பிறகு வைப்பதும் ஒரு மறைமுகத் தேர்வுதான். பஸ்ஸைப் பிடித்து ஓட வேண்டியவர், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் எல்லோரும் தாமாகவே விலகிவிடுவார்கள். கால அட்டவணைக்குள்ளேயே ஒரு பாடவேளை ஒதுக்குவதே சரி.

பொறுப்பாசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை. நிகழ்ச்சி நிரலை அவரே எழுதி, கூட்டத்துக்கு அவரே தலைமை தாங்கி, முடிவையும் அவரே வாசித்தால் அது இன்னொரு வகுப்பாகிவிடும். கூட்டத்துக்கே வராமல் இருப்பதும் பிழை. நிரலைத் தலைவரும் செயலாளரும் தயாரிக்கட்டும். ஆசிரியர் ஓரமாக அமர்ந்து, பேச்சு தடம் மாறும்போது ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தப் பணிக்காக அவருடைய பாடச்சுமையைக் கொஞ்சம் குறைக்காத நிர்வாகம், அவரிடம் அதிகம் எதிர்பார்க்கவும் முடியாது.

இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்த பள்ளியில்கூடப் பேரவை செத்துப்போவது பதில் வராததால்தான். கழிப்பறைக் கதவுகளில் தாழ்ப்பாள் இல்லை என்று தீர்மானம் போகிறது. நிர்வாகம் ‘பார்க்கலாம்’ என்கிறது. வாரங்கள் ஓடுகின்றன. பிரதிநிதி வகுப்பில் தலைகுனிந்து நிற்கிறார். அடுத்த முறை வகுப்பில் யாரும் அவரிடம் எதையும் சொல்வதில்லை. 1989இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்பதோடு நிற்கவில்லை. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. காது கொடுத்துக் கேட்டுவிட்டு மறந்துவிடுவது அந்த மதிப்பு ஆகாது.

எனவே ஒரு விதியை எழுத்தில் வையுங்கள்: ஒவ்வொரு தீர்மானத்துக்கும் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் பதில். ஒப்புக்கொண்டால் எப்போது முடியும் என்ற தேதியும், மறுத்தால் காரணமும், தள்ளிவைத்தால் மீண்டும் பேசும் நாளும் அதில் இருக்க வேண்டும். காரணத்தோடு வரும் மறுப்பை மாணவர்கள் வியக்கத்தக்க முதிர்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறார்கள். பதில் வந்த வாரத்திலேயே பிரதிநிதி தன் வகுப்பில் அதை அறிவிக்கப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டுப் பேரவை நடத்துவது வீண் உழைப்பு.

மாணவர்கள் பக்கத்திலும் திருத்திக்கொள்ள வேண்டியது உண்டு. ‘கழிப்பறை மோசமாக இருக்கிறது’ என்ற தீர்மானத்துக்கு யாராலும் தெளிவாகப் பதில் சொல்ல முடியாது. எந்தத் தளத்தில், எத்தனை கதவுகளில் தாழ்ப்பாள் இல்லை, எந்த இடைவேளையில் நெரிசல், எதை முதலில் சரிசெய்தால் போதும் என்று ஒரு வாரம் பார்த்துக் குறித்து எழுதினால், மறுப்பது கடினம். முதல் பருவத்தில் இப்படி நிறைவேறக்கூடிய ஒரே ஒரு கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு முடித்துக் காட்டுங்கள். இருபது கோரிக்கைகளின் பட்டியல் யாரையும் அசைக்காது.

கருத்துப் பெட்டி வைப்பவர்கள், அதை யார், எந்த நாளில் திறப்பார் என்பதையும் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டவேண்டும். அதில் ஒரு மாணவரின் பாதுகாப்பு, துன்புறுத்தல், வீட்டில் நடக்கும் கொடுமை பற்றிய சீட்டு வந்தால் அதைப் பேரவைக் கூட்டத்தில் வாசிக்கக் கூடாது. பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் உடனே, நேராகப் போக வேண்டும். இதை உறுப்பினர்களுக்கு முதல் கூட்டத்திலேயே சொல்லிக்கொடுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளை அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமக்கக் கூடாது.

பணம் சிறியதாக இருந்தாலும் ரசீது, இரண்டு கையெழுத்து, அறிவிப்புப் பலகையில் வரவு செலவுக் கணக்கு ஆகிய மூன்றும் வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு ஆண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் வழக்கம். மேல் வகுப்பு மாணவர்கள் தேர்வெழுதிப் போய்விடுகிறார்கள். பாதியில் நின்ற கோரிக்கைகளும் அவர்களோடு போய்விடுகின்றன. இதற்காகவே ஒவ்வொரு கூட்டத்திலும் எடுத்த முடிவு, பொறுப்பேற்றவர், முடிக்க வேண்டிய நாள் ஆகியவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். புதிய பேரவையைப் பழைய பேரவை கலைவதற்கு ஒரு மாதம் முன்பே தேர்ந்தெடுத்து, இரண்டும் சேர்ந்து குறைந்தது இரண்டு கூட்டங்களில் உட்காரட்டும். அவற்றில் முதல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல், இன்னும் பதில் வராத தீர்மானங்களின் பட்டியலாக இருக்கட்டும்.