தும்மினால் சிறுநீர் கசிகிறதா? தண்ணீரைக் குறைக்காதீர்கள்

மதுரையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என்னிடம் வருகிற டீச்சர்களும் ஜவுளிக்கடைப் பெண்களும் முதலில் சொல்வது, "தண்ணியக் குறைச்சிட்டேன் மேடம், அப்பவும் நிக்கல." நிற்காது. சிறுநீர் கெட்டிப்பட்டால் சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம் கூடும். மலச்சிக்கல் வந்து முக்க முக்க, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும், ஏற்கெனவே தளர்ந்த இடுப்புத்தளத் தசை இன்னும் தளரும்.

முதலில் மூன்று நாள் ஒரு நோட்டில் குறியுங்கள்: என்ன குடித்தீர்கள், எப்போது போனீர்கள், என்ன செய்யும்போது கசிந்தது. இருமும்போது, தும்மும்போது, குடம் தூக்கும்போது என்றால் பெரும்பாலும் இடுப்புத்தளத் தசையின் தளர்ச்சி. வீட்டுப் பூட்டைத் திறப்பதற்குள் முட்டிக்கொண்டு வந்தால் பையின் அவசரம். சிலருக்கு இரண்டும் உண்டு.

தளர்ந்த தசைக்குப் பயிற்சிதான் முதல் மருந்து. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் எழுதியது, இன்றும் அதுவே. வாயு பிரியாமல் அடக்குவதுபோல் ஆசனவாயை இறுக்கி, அந்தப் பிடியை அப்படியே முன்பக்கம் சிறுநீர் வழி வரை கொண்டுவந்து, உள்ளே மேலே இழுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும்போது உடம்பு எழும்பினால் பிட்டத்தை இறுக்குகிறீர்கள். விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு அடைபடாது. 3 விநாடி பிடி, 3 விநாடி தளர்வு. போகப்போக 10 விநாடி வரை. ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று 2021-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியாகிவிட்டது. உட்காரும் நேரத்தில் செய்யுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. தும்மல் வருவது தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கப் பழகுங்கள். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்ய மட்டும் வேண்டாம்.

அவசரம் வந்தால் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே நாலைந்து முறை வெடுக்வெடுக்கென்று இறுக்கிவிட்டு, கொஞ்சம் தணிந்ததும் நடந்து போங்கள். மணிக்கொரு தரம் போகிறவர் இந்த வாரம் ஒன்றேகால் மணிக்கு ஒருமுறை, அடுத்த வாரம் ஒன்றரை என்று தள்ளிக்கொண்டே போகலாம். 6 வாரமாவது விடாமல் செய்யுங்கள். 'எதுக்கும் போயிட்டு வந்துடுவோம்' என்ற பழக்கம் வேண்டாம். காபி, டீயைக் குறையுங்கள்.

நீர் பிரிய வைக்கும் பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நீங்களாக நிறுத்தாமல், எந்த வேளைக்கு மாற்றலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆண்களுக்கு, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பியைப் பார்க்க வேண்டும். எரிச்சல், காய்ச்சல், ரத்தம் இருந்தால் தாமதிக்காதீர்கள். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தும் வராவிட்டால், அல்லது தொடையிடுக்கு மரத்துப்போனால், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.