எல்க்மான்ட் காட்டில் ஹீட்டர் பற்றாத இரவு

அக்டோபர் கடைசியில், டென்னசியின் கிரேட் ஸ்மோக்கி மலையிலுள்ள எல்க்மான்ட் முகாமில், வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் எங்கள் டிரெய்லர் வீட்டை நிறுத்தியிருந்தோம். அங்கே கரண்ட் இணைப்பு கிடையாது. லிட்டில் ஆறு ஓடும் சத்தம் மட்டும்தான். அந்த அமைதிக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம்.

இரவு இரண்டு மணிக்குக் குளிர் எழுப்பிவிட்டது. ஹீட்டரின் விசிறி சுற்றுகிறது, தீ பற்றவில்லை. கேஸ் தீர்ந்ததோ என்று அடுப்பைப் பற்றவைத்தேன், நன்றாக எரிந்தது. உடனே அணைத்துவிட்டேன். (அடுப்பை எரியவிட்டுக் குளிர்காயவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.) காது கொடுத்துக் கேட்டால் விசிறிச் சத்தம் தளர்ந்திருந்தது. இந்த ஹீட்டரில் காற்று வேகமாக அடித்தால்தான் ஒரு சின்னத் தகடு நகர்ந்து சுவிட்சைத் தொடும். அப்புறம்தான் கேஸ் திறக்கும்.

சரி, மல்டிமீட்டரை எடுத்தேன். விசிறி ஓடும்போதே அளந்தேன்: பேட்டரி முனையில் 12.3 வோல்ட், ஹீட்டரில் 10.4. நடுவில் ஏறக்குறைய இரண்டு வோல்ட்டைக் காணோம். டார்ச் அடித்தால், பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்ப்புக்கு (வயரைப் பிடித்திருக்கும் கவ்வி) அடியில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையும் பச்சையுமாய்ப் பொடி.

கிளாம்ப்பைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. பழைய டூத்பிரஷால் தேய்த்துத் துடைத்து, ஸ்பேனரால் இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். இப்போது ஹீட்டரில் 12.1.

விசிறி சீறியது. அரை நிமிடம் கழித்து டிக், டிக், குபுக்கென்று தீ. கொஞ்ச நேரத்தில் மகள் இரண்டாவது கம்பளியை உதறிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.