ஏ.சி. தண்ணீர் வடிகாலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டால், செம்பூரிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: ஏ.சி. நன்றாகக் குளிர்கிறது, ஆனால் சுவரில் தண்ணீர் வழிகிறது. காற்றில் ஈரம் மிகுந்த அந்த மாதங்களில் ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று மணிக்கு 1 முதல் 2 லிட்டர் வரை தண்ணீரை வடிக்கக்கூடும். டெல்லியின் வறண்ட மே மாதத்தில் அதே இயந்திரம் வடிப்பது மிகக் குறைவு. ஆகையால் அங்கே தொழில் பழகிவிட்டு இங்கே வருகிறவர்கள் வடிகாலை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த பிழைகளையே இன்று என்னிடம் வேலை கற்கும் பிள்ளைகளும் செய்வதைப் பார்த்து இதை எழுதுகிறேன். ஃபில்டரைக் கழுவுவது போன்ற எல்லோரும் அறிந்த செய்திகளுக்கு இங்கே இடமில்லை.

சோதிக்காமல் சுவரை மூடுவது

குழாய்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகச் சுவரில் காடி வெட்டிப் புதைப்பதும், மீதியை ஃபால்ஸ் சீலிங்குக்குள் மறைப்பதும் ஃபிளாட்டுகளில் வழக்கமாகிவிட்டன. மறைப்பதில் தவறில்லை. ஆனால் சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏ.சி.யின் வடிகாலுக்குப் பம்பு கிடையாது என்பதையும், தண்ணீர் தன் எடையால் மட்டுமே இறங்க வேண்டும் என்பதையும், அதற்கு மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டமாவது (சரிவாவது) தேவை என்பதையும், பூச்சு வேலையை முடித்துவிட்டுச் சாவியைக் கொடுக்கும் அவசரத்தில் இருப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

கேஸ் செல்லும் செப்புக் குழாய்க்கு வாட்டம் தேவையில்லை. அது உத்திரத்தின் மேல் ஏறி இறங்கினாலும் வேலை செய்யும். அதோடு சேர்த்து டேப் சுற்றப்பட்ட வடிகுழாயும் அதே மேட்டில் ஏறுவதுதான் சிக்கல். குழாயில் ஒரு தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். இரண்டு தொய்வுகள் இருந்தால் இடையில் காற்று சிறைப்பட்டுவிடும். அந்தக் காற்றைத் தள்ளுவதற்கு உயரத்திலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தம் வேண்டும், ஏ.சி.க்குள் தண்ணீரைப் பிடிக்கும் ட்ரேயோ சில செ.மீ. ஆழம்கூட இல்லாதது. ஆகவே குழாயில் எந்த அடைப்பும் இல்லாமலேயே ட்ரே நிரம்பி வழிகிறது.

செம்பூரில் ஒரு வயதான தம்பதியின் வீட்டில் இதுதான் நடந்தது. உள் அலங்கார வேலை தீபாவளிக்கு முன் முடிந்தது, குளிர்மாதங்களில் ஏ.சி.க்கு வேலையில்லை, கோடையும் ஒருவாறு கழிந்தது. ஜூலையில் படுக்கையறை அலமாரியின் பின்பலகை ஊதி, கதவு மூட முடியாமல் போயிற்று. அதற்கு முன் வந்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவரும் ட்ரேயைக் கழுவி, குழாயை ஊதி, சர்வீஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். என்னுடன் வந்த பையன் ட்ரேயில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணி போகுதே அண்ணே, பைப்பு நல்லாத்தான் இருக்கு" என்றான். அந்த டம்ளர் தண்ணீர் தொய்வில் போய் உட்கார்ந்துகொண்டதே தவிர வெளியே ஒரு சொட்டும் வரவில்லை என்பதை, மறுமுனைக்கு அவனை அனுப்பிப் பார்க்கச் சொன்ன பிறகுதான் உணர்ந்தான். "அப்படியென்றால் இத்தனை நாள் எதற்குப் பணம் கொடுத்தோம்?" என்று மாமி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சீலிங்கை உடைத்தபோது, உத்திரத்தின் இருபுறமும் நெளிகுழாய் தொட்டில் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. குழாயின் விலை சில நூறு ரூபாய். சீலிங்கும் அலமாரியும் பெயிண்டும் சேர்ந்த செலவோ ஒரு புதிய ஏ.சி.யின் விலையைத் தாண்டியது. வேலை செய்த ஒப்பந்தக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை.

புதைக்கும் இடத்தில் நெளிகுழாய் வேண்டாம், விறைப்பான பி.வி.சி. குழாயே போடுங்கள், நெருக்கமாகக் கிளாம்பு அடியுங்கள். பூசுவதற்கு முன் 2 லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, மறுமுனையில் பாத்திரம் வைத்துப் பிடித்து அளந்து பாருங்கள். ஊற்றியதில் அரை லிட்டர் குறைந்தால் அது குழாய்க்குள்தான் நிற்கிறது. வீட்டுக்காரர் அருகில் நின்று இதைப் பார்க்கும்வரை கொத்தனாரைக் கரண்டியைத் தொட விடாதீர்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

குழாய் முனையை வாளியில் மூழ்க விடுவது

காற்று வெளியேற வழியில்லாமல் தண்ணீர் திரும்பும். வாளியில் டெங்கு கொசு முட்டையிடும்.

குழாய்க்கு உறை போடாதது

மழைக்கால மும்பையில் குளிர்ந்த குழாயின் வெளிப்புறமே வியர்க்கும். கசிவு என்று நினைத்து இணைப்புகளைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. சீலிங்குக்குள் செல்லும் பகுதி முழுவதற்கும் ஃபோம் உறை இடுங்கள்.

ஆசிட் ஊற்றுவது

அடைப்பை நீக்க ட்ரேயில் ஆசிட் ஊற்றினால், அது ஏ.சி.க்குள் இருக்கும் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். வேண்டாம்.

குளியலறைக் கழிவுக் குழாயில் நேரடியாகச் சேர்ப்பது

நீர்ப்பூட்டு (தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் குழாய் வளைவு) இல்லாமல் சேர்த்தால் சாக்கடை நாற்றம் படுக்கையறைக்குள் வரும், கரப்பான்களும் வரும். நீர்ப்பூட்டு வைத்தாலும், ஏ.சி. ஓடாத மாதங்களில் அதிலுள்ள தண்ணீர் வற்றிவிடும். தரை வடிகாலின் சல்லடைக்கு மேலே, இடைவெளி விட்டுச் சொட்டும்படி முனையை நிறுத்துவதே நல்லது.

பனிக்கட்டியை அடைப்பு என்று எண்ணுவது

கேஸ் குறைந்தாலோ காற்றோட்டம் தடைப்பட்டாலோ காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில்) பனி படியும். அது உருகும்போது ட்ரேக்குள் விழாமல் முன்பக்கமாகச் சொட்டும். இதற்கு வடிகுழாயை எத்தனை முறை ஊதினாலும் பயனில்லை. முன்மூடியைத் திறந்து காயிலைப் பாருங்கள். வெண்மையாகப் பனி தெரிந்தால் குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓட விட்டு, பனி முழுவதும் உருகிய பிறகே காற்றோட்டத்தையும் கேஸ் அழுத்தத்தையும் சோதியுங்கள். கேஸ் குறைந்திருந்தால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல் மறுபடியும் நிரப்பாதீர்கள்.