டி டிரைவில் நகல் எடுப்பது பேக்கப் ஆகாது

கணினி பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளக் கிருஷ்ணகிரிக்கு வரும் பையன்கள் பர்கூரிலிருந்து வந்தாலும் காவேரிப்பட்டணத்திலிருந்து வந்தாலும் ஒரே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் அப்படியொரு பள்ளம். ஓடிபியைச் சொல்லாதே, பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டிவைக்காதே என்பதை இங்கே எழுதப்போவதில்லை. யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

ஒரே வட்டில் இரண்டு பெயர்

மாம்பழக்கூழ் ஆலைகளில் ஆண்டுக் கணக்கின் பெரும்பகுதி சீசன் நடக்கும் சில வாரங்களிலேயே எழுதப்பட்டுவிடும். எந்த விவசாயி எத்தனை டன் இறக்கினார், முன்பணம் எவ்வளவு, லாரி வாடகை எவ்வளவு, எல்லாம் ஒரே கணினியில். ஒரு ஜூன் மாதம் அப்படியோர் ஆலையின் கணக்காளர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். கணக்கெழுதும் மென்பொருளான டேலி திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் புரியாத நான்கெழுத்து வால். ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு குறிப்பு. ரான்சம்வேர்: கோப்புகளைப் பூட்டிவைத்து, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ்.

"பேக்கப் இருக்கிறதா?" என்றேன்.

"தினமும் டி டிரைவில் எடுத்துவிடுவோம் சார்."

இந்த ஒரு பதிலைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. கோபம் கணக்காளர் மேல் அல்ல. விண்டோஸ் போட்டுக்கொடுத்தபோது அந்த ஏற்பாட்டையும் செய்துகொடுத்துவிட்டுப் போன எங்கள் தொழில்காரர் மேல்.

பெரும்பாலான கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே வட்டின் பாகங்கள். வட்டு செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். ரான்சம்வேரோ கண்ணில் படும் எல்லா டிரைவ்களிலும் நுழையும். அலுவலக நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர்களையும் விடாது. விண்டோஸ் தானாக வைத்திருக்கும் பழைய நகல்களைப் பல வகைகள் முதல் வேலையாக அழித்துவிடும்.

இதைச் சொன்னால் பையன்கள் உடனே எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, எப்போதும் கணினியிலேயே செருகி வைக்கிறார்கள். அதுவும் போகும். கூகுள் டிரைவில் சிங்க் ஆகிறதே என்றால், பூட்டப்பட்ட கோப்புதான் அங்கேயும் போய் உட்காரும். பழைய பதிப்புகள் பொதுவாக 30 நாள் வரை இருக்கும் என்பதால், சீக்கிரம் கவனித்தால் மீட்கலாம்.

நான் செய்துகொடுப்பது இதுதான்: இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க், மாற்றி மாற்றி. நகல் எடுக்கும்போது மட்டும் செருக வேண்டும். ஒன்று எப்போதும் முதலாளி வீட்டில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் அந்த நகலைப் போட்டு டேலியில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த ஆலையில் எடைச்சீட்டின் கார்பன் நகல்கள் பத்திரமாக இருந்தன. உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினார்கள்.

ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் கிராக்

வைரஸ் வந்த வழி இதுதான். காசு கொடுக்காமல் ஒரு மென்பொருளை ஓடவைக்க யாரோ இறக்கிய கோப்பு. "முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும்" என்று அதிலேயே எழுதியிருக்கும். நான்கெழுத்து வால் வைக்கும் டிஜேவியு வகை பெரும்பாலும் இப்படித்தான் பரவியது.

உடனே ஃபார்மட் அடிப்பது

வேண்டாம். பூட்டப்பட்ட வட்டைக் கழற்றி எடுத்து வையுங்கள். சில வகைகளுக்குப் பின்னாளில் திறவுகோல் கிடைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை முதலியோர் 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் இலவசக் கருவிகள் உண்டு.

அப்டேட்டை நிறுத்தி வைப்பது

வேகம் குறைகிறது என்று வாடிக்கையாளர் கேட்பார், பையனும் நிறுத்திவிடுவான். 2017 மே மாதம் உலகையே கலக்கிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததையும் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

பணம் பெறுவதற்கு யுபிஐ பின்

தேவையே இல்லை.

எனிடெஸ்க் போடச் சொல்லும் 'வங்கி அதிகாரி'

உங்கள் போனையோ கணினியையோ தூரத்திலிருந்தே இயக்கவிடும் செயலி அது. போனை வையுங்கள்.

பணம் போனபின் கடை திறக்கும்வரை காத்திருப்பது

1930, சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண். இரவோ பகலோ உடனே அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் வங்கியால் முடக்க முடியும். மறுநாள் காலை என் கடைக்கு வருபவருக்கும் நான் அதே எண்ணைத்தான் தருகிறேன்.